சிப்பியில் சேரும் கடல்

கடல்நீரை ஒரு குப்பியில் மொண்டு வந்து சோதித்தால், மொண்ட அந்த நேரத்துக் கடலைப் பற்றி மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் காலையில் எடுத்த நீரும் மாலையில் எடுத்த நீரும் ஒரே நீர் அல்ல. ஏற்றத்தில் கடல் உள்ளே ஏறியிருக்கும், வற்றத்தில் ஆறு வெளியே தள்ளியிருக்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் பெருகி வரும் கார்த்திகைக்கும் ஆறு மெலிந்து கிடக்கும் சித்திரைக்கும் இடையில் அந்த முகத்துவாரத்தின் உப்பும் நிறமும் மணமும் மாறிவிடுகின்றன. போதாக்குறைக்கு, காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவை கடல்நீரில் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலோ அதற்கும் கீழோதான் இருக்கும். குப்பியைச் சரியாக அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாவிட்டாலோ, படகு எஞ்சினின் புகை திறந்த வாயில் பட்டுவிட்டாலோ, கடைசியில் கருவி காட்டும் எண் யாருடையது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் மாணவர்களுக்கு இதை விளக்கி, நீரை விட்டுவிட்டுச் சிப்பியைப் பார்க்கச் சொல்லிவருகிறேன். கடல் மாசை அளக்க இதைவிடச் சிக்கனமான, நேர்மையான வழி நம் கரைக்கு வேறு இல்லை என்ற நம்பிக்கை இன்றும் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த அளவு யாருக்காக எடுக்கப்படுகிறது, எடுத்தபின் எங்கே போகிறது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை விடுவதாக இல்லை. அதை எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சிப்பியின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய பாறையை விட்டு அது நகர்வதில்லை. ஆகவே அதன் உடலில் இருப்பது அந்த இடத்துக் கடல் கொடுத்தது. செவுள் வழியாக மணிக்கணக்கில் நீரை இழுத்து, மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்று, மிச்சத்தை வெளியே விடுகிறது. அப்படி வரும் உலோகம் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து திசுவில் தங்கி, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்காகச் சேர்ந்துவிடுகிறது. எண்ணெய்க் கசிவிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், மீனில் காணக் கிடைக்காதது சிப்பியில் கிடைக்கும். குப்பி நீர் ஒரு நிமிடத்தைச் சொன்னால், சிப்பியின் சதை பல வாரங்களையும் மாதங்களையும் சேர்த்துச் சொல்கிறது.

இதை உலகளாவிய திட்டமாக முதலில் முன்வைத்தவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கோல்ட்பர்க். உலகின் கரையெங்கும் சிப்பிகளைச் சேகரித்து, உலோகங்கள், செயற்கைக் கதிரியக்கப் பொருள்கள், பெட்ரோலியக் கூறுகள், டிடிடி போன்ற குளோரின் சேர்மங்கள் ஆகிய நான்கையும் தொடர்ந்து அளக்க வேண்டும் என்று அவர் 1975-ல் எழுதினார். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா 1986 முதல் அதை நடைமுறையில் செய்து வருகிறது. அதன் இடங்கள் ஏறத்தாழ 300 வரை பெருகின. 1990-களில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷின்சுகே தனாபே குழுவினர் ஆசியக் கரைகளில் பச்சை நிறச் சிப்பியைக் கொண்டு செய்த ஆய்வில் இந்தியாவும் இடம்பெற்றது.

எந்தக் கரைக்கு எந்தச் சிப்பி

நம் பக்கத்துக் கரை இந்த வேலைக்கென்றே அமைந்தது போன்றது. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் உவர்நீருக்குப் பழகிய ஆளி என்ற சிப்பியும் சேற்றுக்குள் புதைந்து வாழும் மட்டியும் உண்டு. தெற்கே மணப்பாட்டிலிருந்து உவரி, இடிந்தகரை வரை அலை மோதும் பாறைகளில் பழுப்புச் சிப்பி கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். பெர்னா இன்டிகா என்று அறிவியல் பெயர் கொண்ட இந்தச் சிப்பியின் வாழிடம் மிகக் குறுகியது. கேரளத்தின் வர்க்கலைப் பக்கம் தொடங்கிக் கன்னியாகுமரியைச் சுற்றி வந்து, கிழக்கில் திருச்செந்தூரோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நம் மீன்வள நூல்கள் வரையறுக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வாழும் பழுப்புச் சிப்பியும் இதுவும் ஒரே இனம்தான் என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. அது நமக்கு நல்ல செய்தி. இடிந்தகரைப் பாறையில் அளந்ததை அங்கே அளந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஆனால் ஆளியையும் பழுப்புச் சிப்பியையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. துத்தநாகமும் செம்பும் ஆளியின் உடலில் ஏராளமாகச் சேரும். பாறைச் சிப்பி துத்தநாகத்தை ஓரளவு கட்டுப்படுத்தி வெளியேற்றிவிடும். துறைமுகச் சுவரில் பெயர்த்த ஆளியில் துத்தநாகம் மிகுதி, உவரிப் பாறைச் சிப்பியில் குறைவு என்று அட்டவணை போட்டு, ஆகவே துறைமுகம் அசுத்தம், உவரி சுத்தம் என்று முடிவு எழுதினால், அந்த முடிவு விலங்கின் இயல்பைச் சொல்கிறதே தவிரக் கடலைச் சொல்லவில்லை. மாணவர் ஆய்வேடுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். துறைமுகமும் அனல்மின் நிலையமும் உப்பளமும் நெருங்கி நிற்கும் தூத்துக்குடிக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்ல, ஒரே இடத்திலிருந்து எடுத்த, ஒரே அளவுள்ள சிப்பிகளை வலைப்பையில் கட்டி, பார்க்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் மிதவையில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்து அளப்பதுதான் முறை. மத்தியதரைக் கடலில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

ஒரு சிப்பியைத் திறப்பது

ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணின் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பாறையில் சிப்பி நாரால் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் நாரோடு உள்ளே இருக்கும் திசுவும் கிழிந்துவிடும். ஆகவே கத்தரியால் நாரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வெர்னியரால் நீளம் பார்த்து, எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்படி தேர்ந்து, சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். குடலில் கிடக்கும் மண்ணும் சேறும் அதற்குள் வெளியேறிவிடும். திசுவில் தங்கிய உலோகம் அப்படிப் போய்விடாது. துருப்பிடிக்காத எஃகுக் கத்தியைத் தொடக் கூடாது, அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கத்தியை இரண்டு ஓட்டுக்கும் இடையில் நுழைத்து, ஓட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையை அறுத்தால் சிப்பி விரிந்துகொள்ளும். உள்ளே மென்தோல் செங்கல் நிறத்தில் இருந்தால் பெண், பால் வெள்ளையாக இருந்தால் ஆண். முதன்முதலாகத் திறக்கும் மாணவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றுவிடுவார்கள்.

அந்த நிறம் வெறும் அழகு அல்ல. இனப்பெருக்கக் காலத்தில் முட்டையும் விந்துவும் நிறைந்து சிப்பியின் எடை ஏறும். அவற்றை வெளியிட்டபின் திடீரென்று இறங்கும். உலோகத்தின் மொத்த அளவு அப்படியே இருந்தாலும் எடை மாறுவதால் எண் மாறிவிடும். பழுப்புச் சிப்பி பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இனப்பெருக்கம் செய்வதால், ஒருவர் மாசியிலும் இன்னொருவர் ஆடியிலும் எடுத்ததை ஒப்பிட்டு மாசு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவதில் பொருளில்லை. திறந்த சதையை எடைபோட்டு, உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை எடுத்து உலர்த்தி, பொடியாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவியில் செலுத்த வேண்டும். வரும் விடை, ஒரு கிலோ உலர்ந்த சதையில் இத்தனை மில்லிகிராம் என்பது. ஈரம் நாளுக்கு நாள், சிப்பிக்குச் சிப்பி மாறும் என்பதால் அறிவியல் உலகம் உலர்ந்த எடையையே விரும்புகிறது. அந்த விருப்பம் கரையில் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

“பச்சக் கணக்குல எழுதினா என்ன?”

உவரிக்கும் இடிந்தகரைக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில் மாணவர்களோடு சிப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, பாறையில் அதே வேலையாக வந்திருந்த நடுவயதுப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றிய செய்தி அது. இந்தக் கரைச் சிப்பியில் காட்மியம் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருப்பதாகவும், சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றும், கீழே ஓர் ஆய்வு அட்டவணையின் படத்தோடும் இருந்தது. அட்டவணையின் தலைப்பில் உலர்ந்த எடை என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் யாரோ சிவப்பில் எழுதியிருந்த அனுமதி அளவோ பச்சைச் சதைக்கு உரியது.

“சாரு, ரெண்டு வாரமா யாரும் சிப்பி வாங்க மாட்டேங்காவ. இத நாங்க திங்கலாமா, திங்கப்பிடாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றார்.

நான் கருவாட்டைச் சொல்லி விளக்கினேன். “அக்கா, அஞ்சு கிலோ மீன உப்புப் போடாமக் காயவச்சா கிட்டத்தட்ட ஒரு கிலோ கருவாடுன்னு வைங்க. அஞ்சு கிலோவுல இருந்தது அத்தனையும் அந்த ஒரு கிலோவுக்குள்ள வந்துரும். இந்தப் படத்துல இருக்கது கருவாட்டுக் கணக்கு. சர்க்கார் சொல்லுத அளவு பச்ச மீன் கணக்கு.” அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது, கருவாடு போடுகிறவருக்கு அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “நாங்க பச்சையா எடுத்து ஆக்கித்தான திங்கோம். நீங்க பச்சக் கணக்குல எழுதினா என்ன? சரி, எவ்வளவு திங்கலாம்? பிள்ளத்தாச்சி திங்கலாமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விகளுக்கு முன்னால் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? கடலைக் கண்காணிக்கும் அறிவியல், சிப்பியைத் தேர்ந்தெடுப்பதே அது மாசைச் சேர்த்துவைக்கும் என்பதற்காக. அந்த அறிவியலுக்குச் சிப்பி ஒரு கருவி. பாறையில் நிற்கும் குடும்பத்துக்கு அது இரவுச் சோறு, சில நாள் வருமானம். ஒரே விலங்கு இரண்டு வேலையையும் செய்யும்போது, முதல் வேலைக்காக எடுத்த எண் இரண்டாம் வேலைக்குள் விழாமல் இருக்காது. விழுந்தால் யாருக்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்து எழுதும் கடமை அளப்பவருக்கு உண்டு என்பது அன்றுதான் எனக்கு அழுத்தமாகப் பட்டது.

அவர் கேட்டதற்கு விடை சொல்ல முடியாதது ஒன்றுமில்லை. ஒரு கிலோ உலர்ந்த சதையில் 3 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்துக்கொள்வோம். சிப்பிச் சதையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்று கொண்டால், பச்சைச் சதையில் அது 0.6 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் இருவோட்டுச் சிப்பிகளுக்கு வைத்திருக்கும் எல்லை, பச்சைச் சதையில் கிலோவுக்குக் காட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5 மில்லிகிராம். அதற்குள் இருக்கிறது. அடுத்தது எவ்வளவு என்பது. ஓர் ஆள் தாங்கக்கூடிய காட்மியம் மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு 2010-ல் வகுத்தது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 1,250 மைக்ரோகிராம். அந்தச் சிப்பியின் பச்சைச் சதையில் ஏறத்தாழ இரண்டு கிலோ தின்றால் அந்த அளவு வந்துவிடும். ஆனால் நாம் மூன்று வேளையும் தின்னும் அரிசியிலும் கொஞ்சம் காட்மியம் உண்டு என்பதால், இரண்டு கிலோ முழுவதையும் சிப்பிக்கே கொடுத்துவிட முடியாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைத்துச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு தாளில் நான்கு வரியில் அடங்கும் கணக்கு. அந்த நான்கு வரியை எந்த ஆய்வேடும் எழுதுவதாக நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அந்த ஊரில் சொல்ல வேண்டியிருந்தது. வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. முகத்துவாரத்தில் எடுக்கும் மட்டிக்கும் ஆளிக்கும் உலோகத்தைவிடக் கிருமிதான் உடனடி ஆபத்து; மேலே இருக்கும் ஊர்களின் கழிவுநீர் ஆற்றோடு அங்கேதான் வந்து சேர்கிறது. கழிவுநீர் கலந்ததைக் காட்டும் ஈ. கோலை என்ற பாக்டீரியா, எடுக்கும் மாதிரிகளில் ஐந்தில் நான்கிலாவது சிப்பிச் சதை 100 கிராமுக்கு 230-க்குள் இல்லாவிட்டால், சுத்திகரிக்காமல் நேரே விற்க ஐரோப்பாவில் அனுமதி இல்லை. இங்கே விற்கும் மட்டியை அப்படிப் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

தொடர்ச்சி இல்லாத ஆய்வு

ஒரு முறை அளந்துவிட்டுப் போவதுதான் நம் பெரிய குறை என்று நினைக்கிறேன். பட்டத்துக்காக ஒருவர் ஒரு பருவத்தில் எடுக்கிறார். அடுத்தவர் வேறு இடத்தில் வேறு சிப்பியை எடுக்கிறார். இரண்டும் நல்ல ஆய்வாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை அடுக்கி ஒரு கோடு வரைய முடியாது. கோட்டின் மதிப்பு என்ன என்பதைப் பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடா காட்டியது. படகின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காதிருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் கலந்த சாயத்தால் அங்கே 1970-களின் இறுதியில் ஆளிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடு தடித்து உருக்குலைந்தது. 1982-ல் சிறு படகுகளுக்கு அந்தச் சாயத்தைத் தடைசெய்தபின் ஆளிகள் மீண்டன. உலக அளவிலான தடை 2008-ல் நடைமுறைக்கு வர, இத்தகைய பதிவுகளே அடிப்படையாக இருந்தன. அமெரிக்கக் கரைகளில் டிடிடி தடைக்குப் பிறகு அது சிப்பியின் உடலில் படிப்படியாக இறங்கியதையும் பல ஆண்டுப் பதிவு காட்டியது. ஒரு சட்டம் உண்மையில் வேலை செய்ததா என்று கடலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இது.

நாம் எதை இழந்தோம் என்று பார்த்தால் மனம் ஆறவில்லை. 2000-ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் நம் கரைச் சிப்பியில் ஈயம் எப்படி மாறியது என்று சொல்ல, ஒரே இடத்தில் ஒரே சிப்பியில் எடுத்த பதிவை நான் தேடிப் பார்த்துக் காணவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து, வயலையும் ஊரையும் கடையையும் பட்டறையையும் அள்ளிக்கொண்டு போய்ப் புன்னைக்காயலில் கொட்டியது. பூச்சிமருந்தும் எண்ணெயும் பழைய பேட்டரியும் அதில் இருந்திருக்கும். அந்த வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டுகளின் ஆளிச் சதை உறைபெட்டியில் இருந்திருந்தால், பிந்தைய மாதங்களின் சதையோடு வைத்துப் பார்த்து, எது வந்தது, எத்தனை மாதம் தங்கியது என்று சொல்லியிருக்கலாம். நன்னீர் அளவுக்கு மீறினால் ஆளி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும், வெகுநாள் நீடித்தால் செத்தும் போகும். ஆகவே அந்தப் பதிவிலும் இடைவெளி இருந்திருக்கும். இருந்தாலும் ஒன்றும் இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

கூடங்குளத்தைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. பழுப்புச் சிப்பியின் உடலில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாகவே கணிசமாகச் சேரும். உலை இல்லாத கரைகளின் சிப்பிகளிலும் அது உண்டு. போதாததற்கு, நம் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்ட மோனசைட் தாதுவும் இருக்கிறது. உலை இயங்கத் தொடங்கியது 2013-ல். அணுசக்தித் துறையின் சுற்றுச்சூழல் ஆய்வகம் அதற்கு முன்பிருந்தே அங்கே அளந்து வருகிறது. ஆனால் இயற்கையில் இருப்பது எவ்வளவு, அதற்கு மேல் வந்தது ஏதும் உண்டா என்பதைப் பிரித்துக் காட்டும் எண்கள் இடிந்தகரைச் சிப்பி எடுப்பவர் கையில் தமிழில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில், பயமுறுத்தும் செய்தியும் பயப்படாதே என்ற செய்தியும் ஒரே எடையோடு சுற்றுகின்றன. இரண்டையும் நம்புவதற்கு அந்த மக்களிடம் ஆதாரம் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. புன்னைக்காயல், மணப்பாடு, இடிந்தகரை என்று மூன்று இடம் போதும். முகத்துவாரத்தில் ஆளி, மற்ற இரண்டிலும் பழுப்புச் சிப்பி. ஆண்டுதோறும் இனப்பெருக்கத்துக்கு முன்பு மாசியில் மூன்று இடத்திலும் ஒரு முறை, முகத்துவாரத்தில் மட்டும் வடகிழக்கு மழை ஓய்ந்து தையில் இன்னொரு முறை. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கல்லூரிகளின் வேதியியல், விலங்கியல் துறைகள் முறை வைத்துக்கொண்டு செய்யலாம். ஒரு துறையில் ஆள் மாறினாலும் முறை மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் எடுத்த சதையில் ஒரு பங்கை எண்ணிட்டு உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இன்று நமக்கு அளக்கத் தெரியாத பொருளை இருபது ஆண்டு கழித்து வருபவருக்கு அளக்கத் தெரிந்திருக்கும். அறிவியல் இதழுக்கு உலர்ந்த எடையில் அனுப்பட்டும். ஊருக்கு ஒரு தாள், பச்சை எடையில், மாதத்துக்கு எவ்வளவு தின்னலாம், யார் குறைத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பாறையில் எடுக்க வேண்டாம் என்ற நான்கு வரியோடு, மீன் ஏலக் கூடத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். இந்த ஆண்டு எங்கள் மாணவர்கள் எடுத்த சிப்பிகளுக்கு அந்தத் தாளை எழுதிவிட்டோம். அடுத்த மாசியில் அதே பாறையில், அதே நீளமுள்ள சிப்பிகளை எடுக்க இரண்டு கல்லூரிகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மணப்பாட்டுக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டும்.